கணினி வரைகலைக் கல்வி: ஏம்பலத்து மாணவருக்குக் கருவியா, கோட்பாடா?

2026-27ஆம் ஆண்டுக்கான ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் ஓர் அறிவிப்பு இடம்பெற்றது. அனிமேஷன், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, சித்திரக்கதை ஆகியவற்றை உள்ளடக்கிய துறைக்கு 2030க்குள் 20 இலட்சம் பணியாளர்கள் தேவைப்படுவர் என்றும், அதற்காக 15,000 இடைநிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் படைப்பாளர் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்றும் நிதியமைச்சர் கூறினார். அவற்றை அமைக்கும் பொறுப்பு மும்பையிலுள்ள இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அளிக்கப்படுகிறது. நாளேடுகள் இச்செய்தியை வேலைவாய்ப்புப் பக்கத்தில் வெளியிட்டு முடித்துக்கொண்டன. இதைச் சமூக நீதிக் கேள்வியாக எழுப்பியோர் மிகச் சிலரே.

வில்லியனூரும் பாகூரும் சூழ்ந்த கிராமப்புறத்தில் அமைந்த ஏம்பலத்திலிருந்து இவ்வறிவிப்பை வாசித்துப் பார்ப்போம். புதுச்சேரிச் சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் 5 தனித் தொகுதிகள். அவற்றுள் ஏம்பலமும் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதியின் மக்களில் 1,96,325 பேர் பட்டியல் சாதியினர், அதாவது ஏறத்தாழ 15.7 விழுக்காட்டினர். சட்டமன்றத்தில் நமக்கு இருக்கை உண்டு. கணினி அறிவியல் துறையின் ஆய்வகத்தில் நமக்கு என்ன இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொறியியல் பயில ஏம்பலத்து மாணவர் நகரைக் கடந்து வடக்கே செல்ல வேண்டும். புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பிள்ளைச்சாவடியிலும், 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் காலாப்பட்டிலும் இருக்கின்றன. இல்லையெனில் அருகிலுள்ள தனியார் கல்லூரிகளில் ஒன்றைத் தேர வேண்டும். பேருந்தில் கடக்கும் அத்தொலைவைக் காட்டிலும் பெரிதான தொலைவு ஒன்று வகுப்பறைக்குள் காத்திருக்கிறது.

கணினி வரைகலை என்றதும் பலர் மனத்தில் தோன்றுவது ஃபோட்டோஷாப்பும் திருமண விளம்பரப் பதாகையும்தான். பல்கலைக்கழகத்தில் பயிலும் வரைகலை வேறு. திரை என்பது படப்புள்ளிகளால் ஆன ஒரு கட்டம். நேர்க்கோடு ஒன்றை அக்கட்டத்தின்மேல் வரைய வேண்டுமாயின், எந்தப் புள்ளிகளை ஒளிரச் செய்வது என்பதைக் கணினி முடிவுசெய்ய வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பிரசன்ஹாம் 1962இல் இதற்கு வகுத்த படிமுறை, தசம எண்களைத் தவிர்த்து முழு எண்களின் கூட்டல் கழித்தலாலேயே கோட்டை வரைந்துவிடுகிறது. ஓர் உருவத்தை நகர்த்துதல், சுழற்றுதல், பெரிதாக்குதல் ஆகிய மூன்றும் அணிப் பெருக்கலாக எழுதப்படுகின்றன. இவற்றுள் நகர்த்துதல் மட்டும் நேரடியாக அணிப் பெருக்கலுக்குள் அடங்காது. ஆயத்தொலைவுடன் மேலும் ஓர் எண்ணைச் சேர்த்தால் அடங்கிவிடும். இந்தச் சிறு உத்தி புரிந்த மாணவருக்கு முப்பரிமாண உலகின் கதவு திறக்கிறது. அடுத்து ஒளி. ஒரு பரப்பின்மீது வெளிச்சம் விழும் கோணத்தைக் கொண்டு அதன் நிறத்தைக் கணிக்கும் முறைகளை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கூரோ 1971இலும், வியட்நாமில் பிறந்த போங் 1975இலும் வகுத்தளித்தனர். அரை நூற்றாண்டு கடந்தும் பாடத்திட்டங்கள் இவ்விருவரின் பெயரைச் சொல்லியே ஒளியைக் கற்பிக்கின்றன.

இக்கோட்பாடுகளுள் எதுவும் நமக்கு அந்நியமானதன்று. 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை அடிப்படையாகக் கொண்டு எழுதிய ஆய்வுரை, கணினி வரைகலைக்கென நடத்தப்பட்ட பன்னாட்டு ஆய்விதழில் வெளியாயிற்று. புள்ளி வைத்துக் கோடிழுக்கும் பெண்களின் கைப்பழக்கத்தில் ஒரு முறையான இலக்கணம் இருப்பதை அவர்கள் நிறுவினர். பிள்ளைகளுக்கு அணிகள் கற்பிக்கப்படுவதற்கு முன்பே தமிழகத்து வாசல்களில் சமச்சீரும் சுழற்சியும் வரையப்பட்டுக்கொண்டிருந்தன. அக்கோலத்தை இட்ட பெண்களின் பேத்திகளுக்கு அதே இலக்கணத்தின் பல்கலைக்கழக வடிவம் எட்டாமல் நிற்பதைத்தான் நாம் கல்வி மறுப்பு என்கிறோம்.

எட்டாமற்போவதற்குக் காரணங்கள் பல, முதலாவது கணிதம். 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலும் பதினொன்றாம் வகுப்பிலும் ஒரே ஆண்டில் இம்மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை தமிழ்நாட்டுப் பாடநூல்களைத் தமிழில் படித்த பிள்ளைகள் திடீரென வேறு நூலையும் வேறு தேர்வுமுறையையும் எதிர்கொண்டனர். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் அணிகள் பத்தாம் வகுப்பிலேயே அறிமுகமாகின்றன. சிபிஎஸ்இயில் பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். அங்கும் கணிதப் பிரிவை எடுத்தவருக்கே அவை கிட்டும். எந்தப் பாடத்திட்டம் சிறந்தது என்ற விவாதத்தில் நாம் இறங்கவில்லை. மாற்றத்தின் சுமையை யார் தோளில் ஏற்றினார்கள் என்பதே நம் அக்கறை. தனிப்பயிற்சிக்குப் பணம் உள்ள வீட்டுப் பிள்ளை அம்மாற்றத்தைக் கடந்துவிடும். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளி ஆசிரியர் ஒருவரே துணை. அவ்வாசிரியருக்கும் அது புதிய நூல்.

இரண்டாவது மொழி. வரைகலை நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஐஐடிகளின் என்பிடெல் காணொலிப் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன என்பது உண்மையே. அவற்றுள் கணினி வரைகலையும் உண்டு. இலவசம் என்பதாலேயே அவை எல்லோருக்கும் உரியவையாகிவிடா. அணி, ஆயத்தொலைவு, வெட்டுக்கோடு என்று தமிழில் கற்ற சொற்களை ஆங்கில விரிவுரையில் அடையாளம் காண்பதற்குள் பருவத் தேர்வு வந்துவிடுகிறது. பொறியியலைத் தமிழ்வழியில் கற்பிக்கும் முயற்சிகள் கட்டடவியலோடும் இயந்திரவியலோடும் பெரும்பாலும் நின்றுவிட்டன.

மூன்றாவது காரணத்தை ஏம்பலம் பகுதி மாணவி ஒருவர் எங்களுக்கு உணர்த்தினார். அவர் வரைகலை குறித்துப் பேச வரவில்லை. கல்வி உதவித்தொகை வந்துசேரத் தாமதமானதைக் காரணம் காட்டி, அவர் படித்த தனியார் கல்லூரி மூலச் சான்றிதழ்களைத் தர மறுத்தது; அதற்குச் சட்ட உதவி கேட்டே வந்தார். மூலச் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்துள்ளது. அதை மேற்கோள் காட்டி வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று சென்றதும் சான்றிதழ்கள் கிடைத்தன. மதிப்பெண் பட்டியலைப் புரட்டியபோதுதான் கணினி வரைகலைத் தாளில் அவர் இருமுறை அரியர் வைத்திருந்தது தெரிந்தது. செய்முறை வகுப்பில் இருவருக்கு ஒரு கணினி என்றும், வீட்டில் மடிக்கணினி வைத்திருந்த மாணவரிடமே விசைப்பலகை எப்போதும் இருந்தது என்றும், தாம் பின்னால் நின்று பார்த்ததாகவும் சொன்னார். பிரசன்ஹாம் படிமுறையின் நிரலை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருக்கிறார். அந்நிரல் திரையில் ஒரு கோட்டை இழுப்பதை அவர் ஒருமுறையேனும் தம் கையால் இயக்கிப் பார்த்ததில்லை. அவர் இதைப் புகாராகச் சொல்லவில்லை. எல்லாக் கல்லூரிகளிலும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தார்.

பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையில், பொறியியல் உள்ளிட்ட முதல் பிரிவுப் படிப்புகளுக்கு ஆண்டுப் பராமரிப்புத் தொகை விடுதி மாணவருக்கு 13,500 ரூபாய். வீட்டிலிருந்து வந்துசெல்பவருக்கு 7,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். முப்பரிமாண வரைகலைக்குத் தேவையான கிராபிக்ஸ் கார்டு கொண்ட மடிக்கணினி ஒன்றின் விலை இத்தொகையைப் போலப் பல மடங்கு. பேருந்துக் கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் கரையும் தொகை அது. அடிப்படைக் கோட்பாடுகளைக் கற்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோடு வரையவும், முக்கோணத்தைச் சுழற்றவும், கோளத்தின்மீது ஒளியைப் படரவிடவும் பழைய கணினி ஒன்று போதும். தேவைப்படுவது மாணவர் தனித்துக் கையாளும் நேரம். அரசு கணக்கிடாமல் விடுவதும் அந்நேரத்தைத்தான்.

கருவி கற்பதும் கோட்பாடு கற்பதும்

படைப்பாளர் ஆய்வகங்கள் குறித்த நம் முதல் ஐயம் இங்கிருந்தே எழுகிறது. அவற்றில் எதைக் கற்பிக்கப் போகிறார்கள்? மென்பொருள் ஒன்றின் பொத்தான்களை அழுத்தப் பழக்குவது ஒரு வகைக் கல்வி. அம்மென்பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று கற்பிப்பது மற்றொன்று. சென்னையிலும் ஐதராபாத்திலும் மும்பையிலும் இயங்கும் காட்சி விளைவு நிறுவனங்களில், நடிகரின் உருவத்தைச் சட்டம் சட்டமாகக் கத்தரித்து எடுப்பதும், கம்பிகளை அழிப்பதும் தொடக்கநிலைப் பணிகள். குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தோர் அங்கேதான் நுழைகின்றனர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முதலில் விழுங்கத் தொடங்கியிருப்பதும் அப்பணிகளைத்தான். கருவியை மட்டும் கற்றவர் கருவி மாறும்போது வெளியே நிற்பார். கணிதமும் படிமுறையும் கற்றவர் அடுத்த கருவியை உருவாக்கும் குழுவில் இருப்பார்.

சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நில்லாமல் உழைப்பவரையும் படிநிலைகளாகப் பிரித்து வைக்கிறது என்ற அண்ணல் அம்பேத்கரின் வாதத்தை, குளிரூட்டப்பட்ட கணினிக் கூடத்துக்குள்ளும் பொருத்திப் பார்க்கலாம். சிந்திப்பவர் ஒருவர், கையை அசைப்பவர் மற்றொருவர் என்ற ஏற்பாடு அங்கே புதிய சொற்களோடு தொடர்கிறது. கிராமப்புற அரசுப் பள்ளிக்குத் திறன் பயிற்சி, உயர்கல்வி நிறுவனத்துக்குக் கோட்பாடு என்று பங்கீடு அமையுமானால், அதைக் குலக்கல்வியின் இன்றைய வடிவம் என்றே நாம் அழைப்போம். 1953இல் அத்திட்டத்தை எதிர்த்த மண்ணில் இதைச் சொல்ல நீண்ட விளக்கம் தேவைப்படாது.

மாற்று வழி இல்லாமலில்லை. பெங்களூருவின் குடிசைப் பகுதி ஒன்றில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்ற பெயரில் ஒன்றை நடத்தினர். பழைய கணினிகள், கட்டணமற்ற கிம்ப் மென்பொருள், மாலை நேரம். அங்கு பயின்ற பிள்ளைகளின் எண்மிய ஓவியங்கள் பொதுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. கட்டற்ற மென்பொருளின் சிறப்பு அது விலையின்றிக் கிடைப்பதில் மட்டும் இல்லை. அதன் மூலநிரலைத் திறந்து, கோடு எப்படி வரையப்படுகிறது என்று மாணவர் படிக்கலாம்; கருவிக்கும் கோட்பாட்டுக்கும் இடையிலான சுவர் அங்கே தாழ்கிறது. பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளை 2002இல் பயனர்களே ஓர் இலட்சம் யூரோ திரட்டிப் பொதுவுடைமை ஆக்கினர். அரசு அமைக்கும் ஆய்வகங்கள் தனியுரிம மென்பொருளின் ஆண்டுச் சந்தாவில் கட்டுண்டால், நிதி நின்ற மறுநாள் அவை பூட்டப்படும்.

யாருடைய தோல்

தலித் இளைஞர் இத்துறையின் அடித்தளத்துக்குள் செல்ல வேண்டியதற்கு வேலைவாய்ப்பைத் தாண்டிய காரணமும் உண்டு. கணினியில் மனிதத் தோலை வரைவதற்கான முறைகளை யேல் பல்கலைக்கழகத்தின் தியோடர் கிம் 2020இல் விமர்சித்தார். தோலுக்குள் ஒளி ஊடுருவிச் சிதறி வெளிவருவதைக் கணிக்கும் முறை 2001 முதல் பெரிதும் போற்றப்படுகிறது. வெளிர்ந்த தோலில் பளிச்செனத் தெரியும் இவ்வியல்பே, மனிதத் தோலின் பொது இலக்கணமாக ஆய்வுரைகளில் நிலைபெற்றுவிட்டது என்பது அவர் வாதம். கருந்தோலில் முதன்மையாகத் தெரிவது பரப்பின் மினுமினுப்பு. அதற்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. தலைமுடியை வரையும் முறைகளிலும் நேரான முடியே இலக்கணமாயிற்று. ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, முகத்தைக் கொண்டு பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்கள் கருந்தோல் பெண்கள் விஷயத்தில் 34.7 விழுக்காடு வரை பிழை செய்ததைக் காட்டியது. வெண்தோல் ஆண்களுக்கு அப்பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

இவை அமெரிக்கச் செய்திகள்தானே என்று கடந்துவிட இயலாது. கருந்தோலைச் சாதியோடு பிணைத்து இழிவுசெய்யும் வழக்கமும், மாநிறக் கதாநாயகியை வெளுத்துக் காட்டும் திரைப்பட வழக்கமும் நம்மிடையே உண்டு. அவ்வழக்கத்தை எண்களாக்கி நிரலுக்குள் புகுத்தும்போது, அது தொழில்நுட்பத்தின் இயல்பு என்று தோற்றம் கொள்கிறது. காவல்துறையின் முக அடையாளக் கருவி யாரைத் தவறாகப் பிடிக்கும் என்று கேட்கவும், அதன் பிழை விகிதத்தை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கவும், அக்கருவியின் கணிதம் தெரிந்தவர் நம் பக்கம் வேண்டும்.

நீதிமன்றத்தில் இது அன்றாடத் தேவையாகிவிட்டது. கோகுல்ராஜ் கொலை வழக்கை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான காட்சிகள் அவ்வழக்கின் உயிர்நாடியாயின. முதன்மைச் சாட்சி பிறழ்ந்த பின்னரும் அக்காட்சிகள் நின்றன. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது; 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பைப் பெருமளவு உறுதிசெய்தது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று சங்கர் வெட்டப்பட்ட காட்சியும் கேமராவில் பதிவானதே. வன்கொடுமை வழக்குகளில் ஊர் வாய்மூடி நிற்பது வழக்கம்; கேமரா ஒன்றுதான் பேசுகிறது. அதனால்தான் எதிர்த்தரப்பு அதன் நம்பகத்தன்மையைத் தாக்குகிறது.

மங்கலான ஒரு காட்சியைப் பெரிதாக்கும்போது என்ன நிகழ்கிறது? பதிவில் இல்லாத புதிய படப்புள்ளிகளை, அண்டையிலுள்ள புள்ளிகளின் சராசரியைக் கொண்டு கணினி இட்டு நிரப்புகிறது. கேமரா காணாத ஒன்றை மென்பொருள் ஊகித்துக் காட்டுகிறது. செயற்கை நுண்ணறிவால் ‘தெளிவாக்கப்பட்ட’ முகம் என்றால் ஊகம் இன்னும் கூடுதல். இது அரசுத் தரப்புக்கும் எதிர்த்தரப்புக்கும் பொதுவான சிக்கல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்துடன் வல்லுநர் சான்றையும் கேட்கிறது. அவ்வல்லுநரைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞருக்குப் படப்புள்ளி என்றால் என்னவென்று தெரியாவிட்டால், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் ஒரே சாட்சி கைநழுவிப் போகும். சட்டக் கல்லூரிகளில் இதற்கு ஒரு வகுப்பும் கிடையாது. நாங்களும் வழக்கு நடத்தியே கற்றோம்.

சட்டத்தில் உள்ள இடைவெளி

இனி அந்த மும்பை நிறுவனம் பற்றி. 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் வழங்கியபோது, நிறுமங்கள் சட்டம் 2013இன் 8ஆம் பிரிவின்கீழ் அமையும் இலாப நோக்கற்ற நிறுமமாகவே இதை வடிவமைத்தது. ஃபிக்கி, சிஐஐ ஆகிய தொழில் கூட்டமைப்புகள் பங்காளிகள். இந்த வடிவம் கவனத்துக்குரியது. மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இடஒதுக்கீடு) சட்டம் 2006, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடங்களை உறுதிசெய்கிறது. எந்தெந்த நிறுவனங்களுக்கு இது பொருந்தும் என்பதை அச்சட்டத்தின் 2(டி) வரையறுக்கிறது. மத்தியச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம், மத்திய அரசின் நிதி பெறும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், இவற்றோடு இணைந்த நிதியுதவி பெறும் நிறுவனம், சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு அமைத்த நிறுவனம் என்று பட்டியல் செல்கிறது. நிறுமம் என்ற சொல் அதில் வெளிப்படையாக இல்லை.

அரசின் பணத்தில், அரசின் கட்டுப்பாட்டில் இயங்கும் நிறுமமும் ‘அரசு’ என்பதற்குள் அடங்கும் என்று அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இலேயே விளக்கியது. ஆயினும் அரசு என்று நிறுவிவிட்டாலே இடஒதுக்கீடு வந்துவிடாது. அரசியல் சாசனத்தின் 15(4), 15(5) ஆகிய உறுப்புகள் அதிகாரம் அளிப்பவை. கட்டளை இடுபவையல்ல என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. 15(5) தனியார் நிறுவனங்களுக்கும் செல்லும் என்பதை 2014இல் பிரமதி வழக்கில் அரசியல் சாசன அமர்வு ஏற்றது. அதைத் தனியார் நிறுவனங்களில் நடைமுறைப்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவேயில்லை. ஆகவே புதிய நிறுவனங்களை நிறுமங்களாகப் பதிவுசெய்யும் போக்கு வளருமானால், இடஒதுக்கீட்டுச் சட்டத்தைத் திருத்தாமலே அதன் எல்லைக்கு வெளியே உயர்கல்வி நகர்ந்துவிடும். மும்பை நிறுவனம் இடஒதுக்கீட்டை மறுக்கிறது என்று நாம் குற்றம் சாட்டவில்லை. சட்டத்தின் காப்பு தெளிவாக இல்லாத இடத்தில், நிர்வாகத்தின் நல்லெண்ணத்தை நம்பி இருக்க இயலாது என்கிறோம். வரையறையில் ஒரு வரியைச் சேர்க்கும் திருத்தம் போதுமானது. அதைத் தனித் தொகுதிகளிலிருந்து நாடாளுமன்றம் சென்றுள்ள உறுப்பினர்கள் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவரலாம்.

புதுச்சேரி அரசின் பொறுப்பும் உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு 10 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 2023இல் மருத்துவ இடங்களுக்காக அது கொண்டுவந்தது, வரவேற்றோம். தமிழ்நாடு 2021இல் இயற்றிய சட்டம் 7.5 விழுக்காட்டைப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரித்தது. சென்டாக் வழியாக நடக்கும் பொறியியல் சேர்க்கைக்கும் அத்தகைய ஏற்பாட்டைக் கேட்க வேண்டிய பருவம் இது.

ஆய்வகங்கள் எந்தப் பள்ளிகளுக்கு வரும் என்ற பட்டியல் இறுதியாகும் முன்பே கேள்விகள் சென்றுசேர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில், எந்தக் கல்லூரி மாணவரும் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். புதுச்சேரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகள் எவை, தேர்வுக்கு எந்த அளவுகோல், ஏம்பலம், நெட்டப்பாக்கம், திருபுவனை, ஊசுடு, நெடுங்காடு ஆகிய ஐந்து தனித் தொகுதிகளில் எத்தனை, ஆய்வகத்தில் பயன்படுத்தப்படும் மென்பொருள் எது, கற்பிக்கும் மொழி எது, மும்பை நிறுவனத்தின் சேர்க்கையில் இடஒதுக்கீட்டு விதி என்ன, இதுவரை சேர்ந்தோரில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தனித்தனியே கேளுங்கள். பள்ளிகள் பற்றிய கேள்விகளைப் புதுச்சேரிப் பள்ளிக் கல்வித் துறைக்கும், நிறுவனம் பற்றியவற்றை ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும். ஒரே மனுவில் எல்லாவற்றையும் அடக்கினால், ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டு நாட்களைக் கடத்தும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு அடுத்த முப்பது நாள் இருக்கிறது. அஞ்சல் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.